இலைக் கணக்கு

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் நம் பங்கு ஆலயங்களில் தவறாமல் ஒலிக்கும் அறிவுரை ஒன்று உண்டு. ஆண்டவரின் வருகைக்கு உள்ளத்தை ஆயத்தம் செய்யுங்கள். புத்தாடையிலும் பலகாரத்திலும் கவனத்தைச் சிதறவிடாதீர்கள் என்பதே அது. நல்ல அறிவுரைதான். ஆனால் அதைக் கேட்டு அமர்ந்திருக்கும் இல்லத்தலைவியின் மனத்தில் அதே நேரத்தில் வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பச்சரிசி எத்தனை படி வேண்டும்? இருக்கும் கருப்பட்டி போதுமா? அரிசியை உலர்த்தி மாவாக்க மழைவிட்ட நாள் எது? திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்றைக்கு வந்து சேருவார்கள்? ஆகமொத்தம் எத்தனை இலை போட வேண்டும்?

இந்தக் கணக்கை ஆன்மிகத்துக்கு அயலானது என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் சற்று நின்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. பெருநாள் விருந்தை நாள்கணக்கில், மாதக்கணக்கில் முன்கூட்டியே திட்டமிடுவது இறைப் பராமரிப்பில் நம்பிக்கையற்றவர் செய்யும் செயலா? அல்லது அதுவும் ஒருவகையில் உள்ளத்தின் ஆயத்தம்தானா? அடுப்படிக் கேள்வி போலத் தோன்றும் இதற்குள் நம் ஈகையும் உறவும் நீதியும் அடங்கியிருக்கின்றன.

அறுப்புக்கு முன் வரும் பெருநாள்

விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி வட்டத்தில் உள்ள வீரசோழனையும், அதனைச் சூழ்ந்த நரிக்குடி, அருப்புக்கோட்டைப் பகுதிகளையும் எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த பூமி அது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு அங்கில்லை. குண்டாறு மழைக்காலத்தில் ஓடி, மற்ற மாதங்களில் மணற்பரப்பாகக் கிடப்பது. வேளாண்மை கண்மாயையும், அக்கண்மாய் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம்பியிருக்கின்றன. அந்த மழையில் விதைத்த நெல்லும் குதிரைவாலியும் வீடு வருவது தை மாதத்தில். மிளகாயும் பருத்தியும் அதற்கும் பின்னர்தான்.

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவோ மார்கழியின் முற்பகுதியில் வருகிறது. அப்போது பயிர் நிலத்தில் நிற்கும். குலுக்கையில் சென்ற ஆண்டின் தானியம் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் நிலத்திலும் ஒன்றுமிராது. ஐரோப்பிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கே இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்து, குளிருக்கு முன்னரே கால்நடைகளை அறுத்து உப்பிட்டு வைத்திருப்பார்கள். அவர்களுடைய பழைய கிறிஸ்துமஸ் விருந்து களஞ்சியம் நிறைந்த வேளையின் விருந்து. நம் மானாவாரி நாட்டிலோ அது களஞ்சியம் குறைந்த வேளையின் விருந்து.

இந்த வேறுபாட்டில் ஒரு பொருள் பொதிந்துள்ளது. பொங்கல், வந்துசேர்ந்த விளைச்சலுக்கு நன்றி கூறும் விழா. கிறிஸ்து பிறப்போ, நம் மண்ணைப் பொறுத்தவரை, இன்னும் வந்துசேராத விளைச்சலை நம்பி உண்ணும் விழா. மாட்டுத்தொழுவத்தில் பிறந்த குழந்தையில் உலக மீட்பைக் கண்ட இடையர்களும் அத்தகைய நம்பிக்கையோடுதான் மகிழ்ந்தார்கள். அவர்கள் கண்டது கதிரையன்று, முளையை. ஆகவே வீரசோழன் வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் விருந்து என்பது கையில் மிஞ்சியதைக் கொண்டு நடத்துவதாக ஒருநாளும் இருந்திருக்க முடியாது. எடுத்து வைத்தால்தான் உண்டு. கிடைத்த காலத்தில் தன் வாயைக் கட்டி ஒரு பங்கை ஒதுக்கி வைத்தவர் வீட்டில்தான் மார்கழியில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும். திட்டமிடுதல் இங்கே வசதியுள்ளவர்களின் ஆடம்பரப் பழக்கமாக எழவில்லை. இல்லாமையின் நடுவிலும் பெருநாளைப் பெருநாளாக வைத்துக்கொள்ள எளியவர் கண்ட வழியாக எழுந்தது.

காலமும் ஒரு சேர்மானம்

நம் பாரம்பரியப் பலகாரங்களின் செய்முறையை உற்று நோக்கினால் அவையும் இதையே சொல்கின்றன. அதிரசத்தைப் பாருங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். முழுதும் காய்ந்துவிடாமல், கையில் ஈரம் தெரியும் பக்குவத்தில் மாவாக்கிச் சலிக்க வேண்டும். கருப்பட்டியையோ வெல்லத்தையோ காய்ச்சி, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருட்ட வரும் பதத்தில் இறக்கி, மாவைச் சேர்த்துக் கிளற வேண்டும். சுக்கும் ஏலமும் சேரும். அத்தோடு முடிந்ததா? பிசைந்த மாவைப் பானையில் மூடி இரண்டு மூன்று நாளேனும் வைத்திருந்த பிறகே தட்டிச் சுடுவார்கள். அவசரப்பட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். அல்லது கல்லாக இறுகும். அரிசி, கருப்பட்டி, எண்ணெய் ஆகியவற்றோடு காலமும் அதில் ஒரு சேர்மானம். அதைக் கடையில் நிறுத்து வாங்க இயலாது.

இன்னும் பின்னோக்கிச் செல்லலாம். அந்தக் கருப்பட்டி கோடையில் பனையேறியவர் இறக்கிய பதநீரிலிருந்து காய்ச்சப்பட்டது. மார்கழியின் இனிப்பைக் கோடையிலேயே வாங்கி, ஈரம் படாமல் வைத்துக் காத்திருக்க வேண்டும். குழம்புக்கான முண்டு வத்தலும் அப்படியே. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் புதுக்காய்ப்புப் பெருநாளுக்குப் பிறகே வரும் என்பதால், சென்ற பருவத்து வற்றலைத்தான் மறுபடி வெயில் காட்டி அரைக்க வேண்டும். ஆட்டுக்கறியும் அன்று காலையில் நினைத்து அன்றே முடிவதன்று. ஆடுகள் விற்கும் வாரச் சந்தைக்கு வீரசோழன் பெயர்பெற்றது. பெருநாள் நெருங்க நெருங்கச் சந்தையில் விலை ஏறும் என்பது தெரிந்ததே. எனவே சிலர் பல மாதங்களுக்கு முன்பே குட்டியாக வாங்கி வளர்ப்பார்கள். அதற்கும் இயலாத வீடுகள் நாலைந்து சேர்ந்து ஒரு கிடாயை விலைபேசி, அறுத்துக் கூறு போட்டுக்கொள்ளும்.

பணத்துக்கும் இவ்வாறே ஒரு வழி கண்டார்கள். வாரந்தோறும் ஒரு சிறு தொகை கட்டி, பெருநாளுக்கு முன் மொத்தமாகப் பொருளாகவோ பணமாகவோ பெற்றுக்கொள்ளும் சீட்டு முறை தமிழ்நாடெங்கும் உண்டு. நம்பத்தகுந்தவர் கையில் நடக்குமானால் அது ஏழையின் பாதுகாப்பு. ஏனெனில் திட்டமிடாத விருந்துக்கு இருக்கும் மற்றொரு வழி கடன். மீட்டர் வட்டியும் கந்துவட்டியும் குடும்பங்களை விழுங்கியதால்தான் தமிழ்நாடு அரசு 2003இல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. மார்கழியில் கடன்பட்டு உண்ட விருந்துக்கு, தையில் வரும் நெல்லைக் களத்திலேயே அளந்து கொடுத்தவர் எத்தனை பேர்! பிள்ளைகளின் பள்ளிச் செலவை அடகு வைத்து இறைமகன் பிறப்பைக் கொண்டாடுவது பெருநாளுக்கு மரியாதை ஆகாது.

நாளையைப் பற்றிய கவலை

இங்கே ஒரு தடை எழும். நாளைய தினத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும், விதைக்காத பறவைகளையும் நூற்காத மலர்களையும் நோக்குங்கள் என்றும் ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தாரே? மாதக்கணக்கில் கருப்பட்டியைச் சேர்த்து வைப்பவர் அந்தப் போதனைக்கு மாறாக நடக்கவில்லையா?

நற்செய்தியே இதற்கு விடை தருகிறது. நாளையைக் குறித்துக் கவலைப்படாதே என்ற அதே ஆண்டவர்தாம், தம் இறுதி இராவுணவுக்கு முன்னேற்பாடு செய்தவர். பேதுருவையும் யோவானையும் அனுப்பி, நகருக்குள் நுழைந்ததும் தண்ணீர்க்குடம் சுமந்து வரும் ஒருவரைப் பின்தொடருமாறும், அவர் செல்லும் வீட்டின் உரிமையாளரிடம் கேட்டு மேல்மாடி அறையில் பாஸ்கா விருந்தை ஆயத்தம் செய்யுமாறும் அவர் பணித்ததை லூக்கா 22ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் தமக்கு இருந்த கடைசி இரவைத் தற்செயலுக்கு விடவில்லை. அன்று அப்பமும் இரசமும் பந்தியில் இருந்தது முன்னரே செய்த அந்த ஏற்பாட்டினால்தான்.

அந்தப் பாஸ்கா விருந்தின் ஆதிக் கட்டளையையும் காண்போம். விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் ஒரு சமையற்குறிப்பு போன்றே அமைந்துள்ளது. ஆட்டுக்குட்டியை மாதத்தின் பத்தாம் நாளில் தெரிந்தெடுத்து, பதினான்காம் நாள்வரை வைத்திருக்க வேண்டும். நெருப்பில் வாட்டி, புளியாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்ண வேண்டும். இவற்றுக்கிடையே ஓர் அரிய விதி வருகிறது: ஓர் ஆட்டை உண்ணப் போதுமான ஆள்கள் வீட்டில் இல்லையென்றால், அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொருவரும் உண்ணும் அளவுக்கேற்பக் கணக்கிட வேண்டும். வீரசோழன் பகுதியில் நாலு வீடு சேர்ந்து கூறு போடும் வழக்கத்துக்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம்! தலை எண்ணும் கணக்கை இறைவனே கற்பித்தார்; அந்தக் கணக்கில் அண்டை வீட்டாரையும் அவரே சேர்த்தார்.

அப்படியானால் எந்தத் திட்டம் தவறானது? லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வரும் செல்வனை நினைவுகூர்வோம். அவனும் திட்டமிட்டான். பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவற்றைக் கட்டவும், பல்லாண்டுகளுக்குச் சேர்த்து வைத்து உண்டு குடித்து மகிழவும் எண்ணினான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. அவனுடைய குற்றம் முன்யோசனை என்று கூற இயலாது. அவன் பேச்சு முழுவதிலும் ‘நான்’, ‘என்’ என்ற சொற்களைத் தவிர வேறோர் ஆள் வருவதில்லை. விருந்துண்ண நினைத்தான், ஆனால் ஓர் இலைதான் போட்டான். கவலைக்கும் திட்டத்துக்கும் உள்ள வேற்றுமை இங்குப் புலப்படுகிறது. கவலை தனக்கு இல்லாமற் போகுமோ என்று அஞ்சுகிறது. நல்ல திட்டமோ வரப்போகும் இன்னொருவருக்கு இல்லையென்று சொல்ல நேரலாகாதே என்று அக்கறை கொள்கிறது.

விருந்தினர் எவர்?

பழந்தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். பிறகே அது புதிதாக வந்தவரையும், அவருக்கு இடும் உணவையும் குறித்தது. உறவினரைக் குறிக்கச் சுற்றம், கேளிர் என்று வேறு சொற்கள் இருந்தன. வள்ளுவரும் விருந்தோம்பலைத் தனியதிகாரமாகவும், சுற்றந்தழாலை வேறோர் அதிகாரமாகவும் வைத்தார். ஆகவே மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் கூடியுண்ணுவது மகிழ்ச்சிக்குரியதே எனினும், தமிழ் மரபுப்படி அது இன்னும் விருந்தாகவில்லை. புதியவர் ஒருவர் அமரும்போதுதான் அது விருந்தாகிறது.

ஆண்டவர் இதையே இன்னும் கூர்மையாகச் சொன்னார். விருந்து அளிக்கும்போது திரும்ப அழைக்கக்கூடிய நண்பரையும் உறவினரையும் செல்வரான அண்டை வீட்டாரையும் அழைப்பதைவிட, கைம்மாறு செய்ய இயலாத ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்கும்படி லூக்கா 14ஆம் அதிகாரம் பணிக்கிறது. நாம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டுக் குடும்ப விருந்துக்குத் திரும்பியிருக்கிறோம். ஆண்டுக்கொருமுறை கூடும் பிள்ளைகளை விட்டுவிட்டு இது எப்படி ஆகும் என்று நமக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சமாதானத்திலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆண்டவரே பேதுருவின் வீட்டிலும் பெத்தானியா நண்பர்களின் வீட்டிலும் உணவருந்தினார். குடும்பத்தைக் கலைத்துவிடச் சொல்பவர் அல்லர் அவர். ஆனால் குடும்பத்தின் எண்ணிக்கையோடு நின்றுவிடும் கணக்கை அவர் ஏற்கவில்லை.

வீரசோழனில் இசுலாமிய மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பெருநாள்களில் நாம் கற்க வேண்டிய ஒழுங்கு ஒன்று இருக்கிறது. தியாகத் திருநாளாகிய பக்ரீத்தன்று குர்பானி இறைச்சியை மூன்று பங்காக்கி, ஒன்றை வீட்டுக்கும் ஒன்றை உற்றார் நண்பருக்கும் ஒன்றை ஏழைகளுக்கும் என்று பிரிப்பது அவர்கள் வழக்கம். அதைச் சமைப்பதற்கு முன்னரே பிரித்துவிடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நோன்புப் பெருநாளில் கொடுக்கும் பித்ரா என்னும் தானியக் கொடையோ, அன்றைய சிறப்புத் தொழுகைக்கு முன்பே ஏழையின் கையில் சேர வேண்டும் என்பது விதி. அவரும் அந்நாளில் பிறரிடம் கையேந்தாமல் பெருநாள் கொண்டாட வேண்டும் என்பதே அதன் நோக்கம். தாம் உண்டு மிஞ்சினால் கொடுப்போம் என்ற நிலைக்கு அங்கே இடமில்லை.

மிச்சமும் பங்கும்

நாம் ஈகையை விருந்து நாளுக்குரிய செயலாக எண்ணுகிறோம். பந்தி முடிந்தபின் வாசலில் நிற்பவருக்கு மீந்ததை இடுகிறோம், மனம் நிறைகிறது. பசித்தவருக்கு அதுவும் உதவியே. எனினும் அந்த உணவு சமைக்கப்பட்டபோது அவர் நம் நினைவில் இருக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது நம் கணக்கில் ஏற்பட்ட பிழை. நாம் இன்னும் சரியாகக் கணக்கிட்டிருந்தால் அவருக்கு ஒன்றுமே மிஞ்சியிராது!

பங்கு என்பது வேறு. அரிசி அளக்கும்போதே அவருக்கும் ஒரு படி சேர்த்து அளக்கப்படுகிறது. கறி வாங்கும்போதே அவருக்கும் ஒரு கூறு வைக்கப்படுகிறது. அவர் வருவது தற்செயல் அன்று. வராவிட்டால் நம் பந்தியில் ஓர் இடம் வெறுமையாகத் தெரியும். மிச்சத்தைப் பெறுபவர் நன்றியுடன் தலைகுனிகிறார். பங்கைப் பெறுபவர் தலைநிமிர்ந்து அமர்கிறார். ஒரே அளவு சோறுதான். ஆனால் ஒன்று அவரை இரவலராக்குகிறது, மற்றது விருந்தினராக்குகிறது. இந்த வேறுபாடு பெருநாளன்று தீர்மானிக்கப்படுவதில்லை. சில வாரங்களுக்கு முன்பே, சாமான் பட்டியல் எழுதும் வேளையில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. நம் அன்புக்கு உண்மையான சோதனை திட்டமிடும் நாளிலேதான். பெருநாள் அதன் விடைத்தாள் மட்டுமே.

போலந்து நாட்டுக் கத்தோலிக்கர் கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவில் உண்ணும் குடும்ப விருந்தில், எதிர்பாராமல் வரக்கூடிய ஒருவருக்காக ஓர் இருக்கையும் தட்டும் கூடுதலாக வைப்பது மரபு. அழகிய வழக்கம் இது. ஆயினும் அடையாளம் அடையாளமாகவே நின்றுவிடும் ஆபத்தும் அதில் உண்டு. எவரும் வராமல் அந்த இருக்கை ஆண்டாண்டாக வெறுமையாகவே இருந்துவிடலாம். அந்த இருக்கைக்குரியவரை முன்கூட்டியே தேடிச் சென்று அழைத்துவிட்டால் அடையாளம் உயிர்பெறும்.

புனித பிரான்சிஸ் அசிசியார் இதை அறிந்திருந்தார். 1223இல் கிரேச்சியோவில் குடில் அமைத்துத் திருப்பிறப்பைக் கொண்டாட விரும்பியபோது, ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே அவ்வூர் அன்பர் ஒருவரை அழைத்து ஏற்பாடுகளைச் செய்யச் சொன்னார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். பேரரசரைக் காண நேர்ந்தால், கிறிஸ்து பிறப்பன்று பறவைகளுக்காக வீதிகளில் தானியம் தூவவும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் தீனி மிகுதியாக இடவும், ஏழைகளைச் செல்வர்கள் வயிறார உண்பிக்கவும் ஆணையிடும்படி கேட்பேன் என்று அவர் சொன்னதாகவும் அதே ஆசிரியர் எழுதுகிறார். யாதொரு உடைமையும் வைத்துக்கொள்ளாத, நாளையைப் பற்றிக் கவலைப்படாத அந்த மாமனிதர், பறவையின் பங்குகூடத் தற்செயலாக அமையக்கூடாது, சட்டமாகவே இருக்க வேண்டும் என்று எண்ணினார்!

பந்தியில் இடம்

நம் ஊர்களில் இன்னொரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. எவருக்குக் கொடுத்தனுப்புகிறோம், எவரை அழைத்து அமர்த்துகிறோம்? பெருநாளன்று தட்டில் பலகாரம் வைத்து அண்டை வீடுகளுக்கு அனுப்புவது நம் நல்ல வழக்கங்களுள் ஒன்று. இசுலாமியர், இந்துக்கள் வீடுகளுக்கும் போகிறது. அவர்கள் பண்டிகையில் நமக்கும் வருகிறது. ஆனால் சிலருக்குத் தட்டு போகிறது, சிலருக்குப் பொட்டலம் போகிறது, சிலர் கொல்லைப்புறம் வந்து வாங்கிச் செல்கிறார்கள். இந்த வேறுபாடு எதனால் வந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

சாதிக்கும் பந்திக்கும் உள்ள தொடர்பு நம் திருச்சபை வரலாற்றிலும் பழையது. 17ஆம் நூற்றாண்டு மதுரை மறைப்பணியில் குருக்களே சந்நியாசிகள் என்றும் பண்டாரசாமிகள் என்றும் இரு வகையாகப் பிரிந்து, மேல்சாதியினருக்கு ஒருவரும் மற்றவர்களுக்கு ஒருவருமாகப் பணிபுரிய நேர்ந்தது; ஒரே சபையினராயினும் ஊரறிய உடனுண்ண முடியாத நிலை அவர்களுக்கு இருந்தது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் நிலவும் பாகுபாட்டைப் பாவமென்று ஏற்றுக்கொண்டு அதைக் களைய அழைத்தது. அந்த ஆவணம் ஆயர் இல்லத்து அலமாரியில் இருப்பதைவிட, நம் வீட்டுக் கூடத்தில் விரிக்கும் பாயில் நிறைவேறுவதே முக்கியம். நற்கருணைப் பந்தியில் அனைவரும் ஒரே அப்பத்தில் பங்குகொண்டு, வீடு திரும்பியதும் இலையில் பிரிந்துவிடுவோமானால், கொரிந்து சபையினரைப் பவுல் கண்டித்தது நமக்கும் பொருந்தும். அங்கும் ஒருவர் பசித்திருக்க, வேறொருவர் மிதமிஞ்சிக் குடித்திருந்தார்.

கணக்கில் விடுபட்டுப்போகும் மற்றொருவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். சமைக்கிறவர்தாம் அவர். நள்ளிரவுத் திருப்பலியில் கண் சோர்ந்து, விடிந்ததும் இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் அடுப்பு மூட்டி, எல்லாரும் உண்டபின் ஆறிய சோற்றில் கைவைக்கும் தாயைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அவரும் ஓர் இலைக்குரியவர் என்பதை நினைப்பதில்லை. மார்த்தாவின் சமையலை ஆண்டவர் குறைகூறவில்லை. பலவற்றைக் குறித்துத் தனியாளாகக் கவலைப்பட்டுக் கலங்கியதையே சுட்டினார். நம் முன்னோரின் பலகாரங்கள் இதற்கும் வழி வைத்திருக்கின்றன. அதிரசமும் முறுக்கும் பல நாள் கெடாமல் இருப்பவை. பெருநாளன்று அடுப்படியில் வேலை குறைய வேண்டும் என்பதற்காகவே முன்கூட்டிச் செய்துவைக்க உகந்தவை. திருச்சபையின் பொதுச் சட்டப்படி 1966 வரை, கிறிஸ்து பிறப்பின் முந்திய நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமும் காக்க வேண்டிய நாளாக இருந்தது என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது. உண்பதற்கு முன் காத்திருக்கக் கற்பித்த ஒழுங்கு அது. ஆண்மக்களும் பிள்ளைகளும் மாவு சலிக்கவும், முறுக்குப் பிழியவும், பாத்திரம் துலக்கவும் கைகொடுத்தால் பாகு பதமும் அடுத்த தலைமுறைக்குச் செல்லும். தாயும் மற்றவர்களோடு பந்தியில் அமர்வார்.

ஒரு வரி கூடுதலாக

இக்காலத்தில் நாம் திட்டமிடத் தெரியாதவர்கள் அல்லர். இரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து குறைக்கப்பட்டதும், அதற்கேற்ப நாள் எண்ணிச் சென்னையிலிருந்து சீட்டெடுக்கக் கற்றுக்கொண்டோம். சிலம்பு விரைவு வண்டி மானாமதுரை, அருப்புக்கோட்டை வழியே செல்லும்போது அதில் வரும் நம் பிள்ளைகளின் பயணம் ஐப்பசியிலேயே உறுதிசெய்யப்பட்டது. ஓர் இருக்கைக்காக அறுபது நாள் முன்பே விழித்திருக்கும் நாம், ஓர் இலைக்காக நாலு வாரம் முன்பு சிந்திக்க இயலாதா?

திருவருகைக் காலம் நாலு ஞாயிறுகளைக் கொண்டது. முதல் ஞாயிறன்று குடும்பமாக அமர்ந்து, செபமாலைக்குப் பின் பெருநாள் பட்டியலை எழுதலாம். வழக்கம்போல அரிசி, கருப்பட்டி, எண்ணெய், கறி என்று எழுதட்டும். அதன் தலைப்பில் உண்பவர் பெயர்களை எழுதும்போது ஒரு வரியைக் கூடுதலாக விடலாம். பிள்ளைகள் எவரும் வராத முதியவரா, கணவரை இழந்தவரா, வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து பெருநாளன்று அறையில் தனித்திருக்கும் இளைஞரா, நம் தெருவுக்குள் இதுவரை விருந்துக்கு அழைக்கப்படாத குடும்பமா என்று எண்ணி, பெயரை நிரப்ப வேண்டும். இரண்டாம் ஞாயிறுக்குள் நேரில் சென்று அழைத்துவிட வேண்டும். அவருக்கும் ஆயத்தமாக நாள் வேண்டுமல்லவா? கையில் பணம் குறைவாயின் பண்டங்களில் ஒன்றைக் குறைக்கலாம். இலைகளில் ஒன்றைக் குறைக்க வேண்டாம்.

பெத்லகேமில் இறைமகனுக்கு விடுதியில் இடமில்லாமற் போயிற்று. அவ்வூரார் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்று லூக்கா எழுதவில்லை. இடமில்லை என்று மட்டுமே எழுதினார். வந்திருந்த கூட்டத்தில் எல்லா இடங்களும் முன்னரே நிரம்பியிருந்தன. அவருக்கென எவரும் ஒன்றை ஒதுக்கி வைக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் நம் கதவுகளும் வெறுப்பினால் அடைபடுவதில்லை. இடம் நிரம்பிவிடுவதால் அடைபடுகின்றன. இவ்வாண்டுப் பெருநாள் பட்டியலில் மை உலர்வதற்கு முன் அந்த ஓர் இடத்தை ஒதுக்கி வைப்போம். வானம் பார்த்த பூமியில் இன்னும் வராத விளைச்சலை நம்பி மாவு ஊறவைத்த நம் தாய்மார், வரவிருக்கும் ஆண்டவரை வரவேற்கும் வழியையும் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார்கள்.